இருபது நிமிடக் கொதி

ஆபரேஷன் அறை வாசலை அடைத்துக்கொண்டு பெரிய சிஸ்டர் நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வலங்கைமான் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் அங்கே இரண்டாவது நர்ஸ். கூலி நெல்லுக்காக ஊருக்கு ஊர் சண்டை மூண்டிருந்த அறுவடைக் காலம். ஒரு பகலில், ஒரே வயலில் வெட்டுப்பட்ட இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் அரிவாள் வெட்டோடு ஓர் அறுவடைக் கூலியாள். தொடையில் வெட்டோடு மிராசுதாரின் காரியக்காரர். எங்களிடம் இருந்தது ஒரே செட் கருவிகள். வயிற்று வெட்டுதான் ஆபத்து என்று டாக்டர் கூலியாளுக்கு முதலில் தைத்தார்.

பிறகு அதே கத்தரி, இடுக்கி, ஊசிகளைக் கழுவி ஸ்டவ்வில் வைத்தோம். கொதி வந்தபின் இருபது நிமிடம் ஆக வேண்டும். காரியக்காரரின் மைத்துனர் வராந்தாவில் கத்தினார்.

"கூலிக்காரனுக்கு உடனே பாத்தீங்க, எங்க ஆளுக்கு மட்டும் வெந்நி காயலையா? அப்படியே அலசி எடுத்துட்டு வாங்க!"

டாக்டரே சோர்ந்துபோய், "போதும் சிஸ்டர், எடுத்துடுங்க" என்றார்.

பெரிய சிஸ்டர் நகரவில்லை. "இன்னொருத்தர் ரத்தம் பட்ட சாமான் சார். கட்டுப் போட்டிருக்கேன், ரத்தம் நின்னுடுச்சு. காத்திருக்கலாம்."

காத்திருந்தோம். இரண்டு பேருக்கும் சீழ் வைக்காமல் புண் ஆறியது. ஆனால் பெரிய சிஸ்டர் கூலிக்காரர் கட்சி, வேண்டுமென்றே தாமதித்தார் என்று மேலிடத்துக்கு மனு போனது. காரியக்காரருக்கு ரத்தம் நின்றிருந்ததா என்று, விசாரிக்க வந்த அதிகாரி என்னைக் கேட்டார். நான் குடியிருந்தது அந்த மிராசுதாரின் வீட்டில். "நான் கவனிக்கலைங்க சார்" என்றேன். பெரிய சிஸ்டரை மாற்றிவிட்டார்கள். கிளம்பும்போது அவர் என்னைத் திட்டவில்லை. "ஸ்டவ்வுக்குத் திரி மாத்தணும், மறந்துடாத" என்று மட்டும் சொன்னார்.

அவர் இடத்துக்கு நான் வந்தேன். அந்த மழைக்காலத்தில், அரவை மில் பெல்ட்டில் கை மாட்டிய ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். வாசலில் அதே கூச்சல். கொதி வந்து ஏழெட்டு நிமிடத்தில் கருவிகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாலாம் நாள் கை வீங்கிச் சீழ் கோத்தது. தஞ்சாவூருக்கு அனுப்பினோம், அங்கே மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவள் நடவுக்குப் போகிறவள்.

போன மாதம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். முன்னமே கிருமி நீக்கி மூடி ஒட்டிய உறையைப் பிரித்துக் கருவிகளை எடுத்தார்கள். வாசலில் யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பெண்ணின் புருஷன்தான் வந்தான். அன்று தஞ்சாவூரிலிருந்து திரும்பியதும் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கும்பிட்டான்.

"நீங்க உடனே பாத்ததாலதான் உசுராவது தங்குச்சு, நர்சம்மா."

என் மேல் யாரும் மனு எழுதவில்லை.