சுகந்திக்குக் கொடுத்த பிலிம் டப்பா

நேற்று பள்ளிவிட்டு வந்த மகள் என் முகத்தருகே வாயைத் திறந்து ஊதினாள். இனிப்பு வாடை. "இன்னிக்கு பூச்சி மாத்திர குடுத்தாங்கப்பா, எல்லாருக்கும்." அந்த 'எல்லாருக்கும்' என்னை உட்கார வைத்துவிட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் முதல் வேலை மலம் பார்ப்பது. 2006இல் அண்ணாமலை நகரில் அறையெடுத்துத் தங்கி, கம்மாபுரம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தேடும் ஆய்வில் உதவியாளன். பெண் பார்க்கப் போன வீட்டில் "லேப்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சேகரிக்க டப்பா எப்போதும் பற்றாது. சிதம்பரத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் கருப்பு பிலிம் டப்பாக்களை மூட்டையாகத் தூக்கிக் கொடுத்தார். "எல்லாம் டிஜிட்டல் ஆயிப்போச்சு சார், இனிமே இது யாருக்கு?" முதல்நாள் பெயர் ஒட்டிக் கொடுப்போம், மறுநாள் பிள்ளைகள் நிரப்பிக் கொண்டுவருவார்கள். பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தால் கண்டக்டர் கேட்பார், "இன்னா சார், முறுக்கா?"

ஏழாம் வகுப்பு சுகந்தி பல்பம் தின்பாள். உதட்டோரம் எப்போதும் வெள்ளை. கீழிமையை இழுத்துப் பார்த்தால் அதுவும் வெளுப்பு. ரத்தமே இல்லாத பிள்ளை, கொக்கிப்புழுதான் என்று நினைத்தேன். ஆனால் அவள் டப்பாவில் ஒரு புழுமுட்டைகூட இல்லை. திரும்பவும் பார்த்தேன், இல்லை. கண் எரிந்தது, அலுப்பு. 'இல்லை' என்றே எழுதிவிட்டேன்.

புழு இருப்பவர்களுக்கு மட்டும்தான் மாத்திரை என்பது ஆய்வின் விதி. கொடுத்த அன்று அவளும் வரிசையில் வந்து கையை நீட்டினாள். "உனக்குப் பூச்சி இல்லம்மா. பல்பம் தின்னாம இரு, போதும்." பெரிய டாக்டர் மாதிரிச் சொன்னேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் பையன்கள் நின்றார்கள். போய்விட்டாள்.

நான்கு மாதம் கழித்துப் போனபோது சுகந்தி பள்ளியில் இல்லை. பிரேயரில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, பிறகு வீட்டோடு நிறுத்திவிட்டார்களாம். தேடிக்கொண்டு போனேன். அக்காவின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அன்னிக்கு டப்பால குடுத்தது என்னுது இல்ல சார், இவனோடது. விடியறதுக்குள்ள பொம்பளைங்க எல்லாரும் சேந்துதான் கொல்லைக்குப் போவோம். அவுங்க முன்னால டப்பாவ எப்படி சார் எடுத்துட்டுப் போறது?"

கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கக்கூஸ் இல்லாத ஊரில் பெண்பிள்ளை கையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்தானே. மாத்திரையை அப்போது கொடுத்தேன், மென்று தின்றாள். பள்ளிக்கு மட்டும் அவள் திரும்பவில்லை.

அந்த ஸ்டுடியோ இப்போது செல்போன் கடை. பிலிம் டப்பாவை என் மகள் கண்டதே இல்லை. பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் விரிந்து அவள் ஊரும் கலைந்துவிட்டது, சுகந்தி எங்கே இருக்கிறாளோ தெரியாது. புழு இருந்தால்தான் என்ற அந்த விதியும் போய்விட்டது, நீட்டிய கைக்கெல்லாம் மாத்திரை.

அன்றைக்கு அவளைத் திருப்பி அனுப்பியபோதும் கொண்டுபோன மாத்திரையில் பாதி என் பையில் மீதி இருந்தது.