எந்த மாப்ள?

கரண்ட் ஆபீசில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வயதில் மூத்தவர் என்றால் மாமா, மற்றவர்கள் அத்தனை பேரும் மாப்ள. கம்பத்தில் ஏறுகிறவன் மாப்ள, கீழே நின்று கயிறு பிடிக்கிறவன் மாப்ள, டீ வாங்கப் போனவனும் மாப்ள. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அப்பா அம்மா வைத்த பேர் கழன்று விழுந்துவிடும். என் வீட்டுக்காரர் குன்னம் பக்கத்து ஆபீசில் வயர்மேனாக இருந்தார். கல்யாணமான புதிதில் அவரைத் தேடி யார் வந்தாலும் வாசலில் நின்று "மாப்ள" என்றுதான் குரல் கொடுப்பார்கள். "இத்தன பேரும் எந்த வூட்டுல பொண்ணு எடுத்தாங்க?" என்று கேலி செய்வேன். "எல்லாரும் ஒரே வூட்டுலதான், கரண்ட் ஆபீசுல" என்பார். அந்த வார்த்தைதான் அவரைக் கொன்றது.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் எல்.சி. என்கிற லைன் கிளியர் பற்றிச் சொல்ல வேண்டும். லைனில் ஆள் ஏறுவதற்கு முன்னால் போர்மேன் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு எல்.சி. கேட்பார். அங்கே இருக்கும் ஆபரேட்டர் அந்த லைனை நிறுத்திவிட்டு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையை சுவிட்சில் மாட்டுவார். வேலை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, கேட்டவரே திரும்பப் போன் போட்டு எல்.சி.யைத் திருப்ப வேண்டும். அதன் பிறகுதான் கரண்ட் விடுவார்கள். சப்ஸ்டேஷனைச் சுற்றி முள்வேலி இருக்கிறது, மண்டை ஓடு போட்ட பலகை இருக்கிறது, கேமரா இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். இரும்புக்கு அவ்வளவு காவல். ஓடைக்கரையில் கம்பத்தின் மேல் நிற்கும் மனிதனுக்குக் காவல் போனில் சொல்லும் ஒரு வார்த்தை மட்டும்தான்.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அது தெரியாதவள்போல அரிசி உளுந்தை ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வயர்மேன் பெண்டாட்டி, எனக்கே அது ஞாபகமில்லை. மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே காத்தாடி சுற்ற ஆரம்பித்தது. "பரவால்லயே, சீக்கிரமே விட்டுட்டாங்க" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிரைண்டரைப் போட்டேன். தெருவில் இரண்டு வீட்டில் டிவி சத்தம் கேட்டது. உளுந்து நன்றாகப் பொங்கி வந்தது. கையால் தள்ளிவிட்டுக்கொண்டே, சாயங்காலம் அவருக்குக் காரச் சட்னி அரைக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு இருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வண்டியில் ஏறச் சொன்னார்.

நடந்தது இதுதான். ஒரே லைனில் இரண்டு இடத்தில் வேலை. போர்மேன் ரோட்டுப் பக்கம் நின்றார். என் வீட்டுக்காரரும் இன்னொரு இளவயது வயர்மேனும் ஓடைப் பக்கம் அடுத்தடுத்த கம்பத்தில் இருந்தார்கள். ரோட்டுப் பக்க வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. காலையிலிருந்தே போன் மேல் போன்: வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், எப்போ விடுவீங்க, எப்போ விடுவீங்க என்று. போர்மேன் ஓடைப் பக்கம் போன் போட்டு, "மாப்ள எறங்கிட்டானா?" என்று கேட்டார். கீழே நின்ற ஒப்பந்த ஆள்தான் போனை எடுத்தான். இளவயதுக்காரன் தண்ணீர் குடிக்க அப்போதுதான் இறங்கியிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு, "எறங்கிட்டாரு மாமா" என்று சொன்னான். போர்மேன் என் வீட்டுக்காரரைத்தான் கேட்டார், அவன் வேறு மாப்ளயைத்தான் சொன்னான். எல்.சி. திரும்பியது, ஆபரேட்டர் பலகையைக் கழற்றினார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எனக்கு ஆறாதது அதுதான். யாராவது ஒருவன் குடித்துவிட்டு வந்திருந்தால், முன்பகை இருந்திருந்தால், மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டிருப்பேன். கேட்டவரும் நல்ல மனதோடு கேட்டார், சொன்னவனும் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். நான் அங்கே கிரைண்டரைப் போட்டுச் சந்தோஷப்பட்டேன்.

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி வாசலில் ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். போலீஸ்காரர் வந்து இறந்தவருடைய முழுப் பேரைக் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் ஏதோ சொன்னான், இன்னொருவன் அது அவர் அப்பா பேர் என்றான். அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் அவர்கள். நான்தான் போய்ச் சொன்னேன். மாவு காய்ந்து வெள்ளையாய் இருந்த கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு, இனிஷியலோடு சொன்னேன்.

பிறகு விசாரணைக்கு வந்தார்கள். லைனில் எர்த் ராடு ஏன் மாட்டவில்லை என்று கேட்டார்கள். அதை மாட்டியிருந்தால், தப்பாகக் கரண்ட் விட்டாலும் மேலே இருப்பவன் பிழைத்துக்கொள்வான். கேள்வி சரிதான். ஆனால் அந்த ஆபீசில் உருப்படியாக இருந்தது ஒரு செட்டுதான், அது ரோட்டுப் பக்கம் போயிருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசியில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தார்கள். மேலே இருந்தவனுடைய கவனக்குறைவாம். செத்தவன் எழுந்து வந்து எதிர்க்கேள்வி கேட்கமாட்டான் என்ற தைரியம்.

நடையாய் நடந்து, கருணை அடிப்படையில் எனக்கு அதே ஆபீசில் வேலை கிடைத்தது. கவுன்டரில் உட்காருகிறேன். கரண்ட் இருக்கும்போது யாரும் எங்களை நினைப்பதில்லை. பில் வரும்போதும் கரண்ட் போகும்போதும் நினைப்பார்கள், இரண்டு நேரமும் திட்டத்தான். "போன தடவ இவ்ளோ வரலியேம்மா" என்று பில்லை நீட்டுவார்கள். ஒரு அளவைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முன்னால் ஓடியதற்கும் சேர்த்து வேறு கட்டணம் என்பதை நான் எத்தனை விதமாகச் சொன்னாலும், மனுஷனுக்குப் புரியாது. புரிந்தாலும் நியாயமாய்ப் படாது. எனக்கே படவில்லை, அவர்களை என்ன சொல்ல? அதே போர்மேன்தான் இன்னும் இருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். நான் எதிரே வந்தால் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு போவார். கொஞ்ச நாள் எல்லாரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்புறம் நாய் வால் கதைதான், பழையபடி மாப்ள.

இந்தக் கோடையில் ஒரு நாள் மத்தியானம் சூறைக்காற்றோடு மழை. மரம் விழுந்து லைன் அறுந்தது. ஆட்கள் இரண்டு பிரிவாகப் போனார்கள். ஆபீசில் போன் பார்க்கும் பையன் லீவு, அதனால் போனும் என் தலையில். கவுன்டர் முன்னால் கூட்டம். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் ஈர வேட்டியோடு நின்று கத்தினார். "காத்தாடி நின்னு போயி கோழியெல்லாம் வாயப் பொளக்குது. செத்தா நீங்களா குடுப்பீங்க? சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுதுல்ல?" அவர் வலி அவருக்கு.

அப்போது போன் அடித்தது, போர்மேன். சப்ஸ்டேஷன் நம்பர் அவருக்குக் கிடைக்கவே இல்லை என்றார்.

"ஏம்மா, அந்தப் பக்கமும் மாப்ள எறங்கிட்டானாம். நீயே சப்ஸ்டேஷனுக்குச் சொல்லிடு, விடச் சொல்லு."

"எந்த மாப்ள?" என்றேன்.

"அதாம்மா, நம்ம மாப்ள" என்றார்.

"எந்த மாப்ளன்னு கேட்டேன் மாமா. மேல ஏறுனவங்க ஒவ்வொருத்தரையும் எங்கிட்ட பேசச் சொல்லுங்க. பேரச் சொல்லணும். சொல்ற வரைக்கும் நான் சப்ஸ்டேஷனுக்குப் போன் போடமாட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். கோழிப்பண்ணைக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எறங்கிட்டான்னு சொல்றாங்கள்ல, அப்புறம் என்ன பஞ்சாயத்து?" என்று கவுன்டர் கம்பியில் தட்டினார். "பொம்பளயப் போயி உக்கார வச்சிருக்காங்க பாரு" என்றார் பின்னால் ஒருவர். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி அடித்தது. போர்மேன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"வேணாம்மா. இன்னும் விட வேணாம். ஒருத்தன் மேலதான் இருக்கான்."

சந்தோஷப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? ஒரு கேள்வி, இரண்டு வார்த்தை. அன்றைக்கு இதைக் கேட்க ஒரு நாதி இல்லையா?

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல முழுப் பேரையும் சொன்னார்கள். கடைசியாகப் பேசியவன் குரலில் நடுக்கம் இருந்தது. அவன்தான் மேலே இருந்தவன் என்று கேட்காமலே தெரிந்தது. சப்ஸ்டேஷனுக்குச் சொன்னேன். ஆபீஸ் காத்தாடி சுற்றியது. கூட்டம் மொத்தமும் "அப்பாடா" என்றது. "இத அப்பவே செஞ்சிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுக் கோழிப்பண்ணைக்காரர் வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் போர்மேன் நனைந்த சட்டையோடு வந்து கவுன்டர் எதிரே நின்றார். "அன்னைக்கு நானும்…" என்று ஆரம்பித்தார். "போயி தலையத் துவட்டுங்க மாமா" என்றேன். மன்னிக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை.

அதிலிருந்து, எல்.சி. திருப்பும் முன்னால் என்னிடம் பேர் சொல்வது வழக்கமாகிவிட்டது. "ரேஷன் கடையில ரேகை வைக்கிற மாதிரி ஆயிடுச்சுக்கா" என்று பையன்கள் கேலி செய்கிறார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறார்கள். கடைசி ஆள் சொல்லி முடித்த பிறகும் நான் உடனே போனை வைப்பதில்லை. "அக்கா, அவ்ளோதான், எல்லாரும் சொல்லியாச்சு" என்பார்கள். தெரியும். இருந்தாலும் இன்னும் ஒருவர் பேர் சொல்ல வேண்டியிருக்கிறது.