கிளினிக்கில் நாங்கள் பேசிய கிரேக்கம்

பினாங்கில் ரகசியம் பேச ஒரு மொழி கிடையாது. தமிழில் முணுமுணுத்தால் வரிசையில் இருக்கும் தமிழர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். மலாய் எல்லாருக்கும் தெரியும். சீனர்களின் ஹொக்கியனில் பேசினால், சந்தையில் வியாபாரம் செய்து பழகிய நம் ஆட்களுக்கே பாதி புரிந்துவிடும். ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜார்ஜ்டவுனில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கில், நெஞ்சுப் படபடப்பைப் ‘பால்பிடேஷன்’ என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி கைப்பேசியை எடுத்துத் தட்டிப் பார்த்துப் பாதி உயிரை விட்டுவிடுவார். நடுக்கத்துக்குச் சொல்லும் ‘ட்ரெமர்’ காதில் விழுந்த ஓர் அம்மா, தனக்கு என்னென்ன நோய் இருக்கலாம் என்று எங்களுக்கே பாடம் நடத்தினார்.

அதனால்தான் டாக்டர் பழைய கிரேக்கத்தில் போய் விழுந்தார். அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள். மனிதருக்கு அகராதி படிப்பதுதான் பொழுதுபோக்கு. இதயம் வேகமாக ஓடுவதற்குச் சொல்லும் ‘டாக்கிகார்டியா’வே கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கட்டியதுதான் என்று ஒரு மதியம் விளக்கினார். டாக்கிஸ் என்றால் வேகம், கார்டியா என்றால் இதயம். ஆனால் அதுவும் இணையத்தில் மாட்டும் என்பதால், இன்னும் பழைய சொற்களாகப் பார்த்து எடுத்தார்.

இதயத் துடிப்பில் கோளாறு என்றால் பல்மோஸ். கை கால் நடுக்கம் என்றால் த்ரோமோஸ். உடம்பில் ஒன்றுமில்லை, வெறும் பயம் என்றால் ஃபோபோஸ். நோயாளியின் தலைக்கு மேலாக டாக்டர் ஏதாவது ஒன்றை மெதுவாக முணுமுணுப்பார். பல்மோஸ் என்றால் நான் முகத்தில் எதையும் காட்டாமல் வெளியே போய்ப் பெரியாஸ்பத்திரிக்கு போன் போடுவேன். ஃபோபோஸ் என்றால் பால் சேர்க்காமல், சீனி தூக்கலாக ஒரு தே ஓ தேநீர் கலக்கி வருவேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தே ஓ ஆட்கள்தான். அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதும் உண்டு.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு காலையில் அடங்கியது. கெலுகோரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவருக்கு பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் ஏதோ தடதடவென்று ஓட ஆரம்பித்தது. பட்டையை ஒட்டப் பார்க்கிறேன், விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

“என்னம்மா, ஒங்க கைதான் ஆடுது லா,” என்றார் பெரியவர்.

என் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். அப்போது அவருக்கு என் இப்போதைய வயதுதான். அது ஞாபகம் வந்துவிட்டது. ஓடிப்போக வேண்டும் போலிருந்தது. நெஞ்சையும் கூடவே தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

டாக்டர் என்னைப் படுக்கவைத்தார். எத்தனையோ பேரை நான் படுக்கவைத்த அதே கட்டில். கூட வேலை செய்யும் மலாய்க்காரப் பெண்தான் ஈசிஜி கம்பிகளை ஒட்டினாள். அவளுக்கும் எங்கள் கிரேக்கம் அத்துப்படி. கூரையில் ஒரு நீர்க்கறை இருப்பதை அன்றுதான் பார்த்தேன். இத்தனை காலமும் நோயாளிகள் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. டாக்டர் அதைக் கையில் எடுத்து முழுக்கப் படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். என் காது மட்டும்தான் அப்போது உயிரோடு இருந்தது. இரண்டில் ஒரு சொல் வரப்போகிறது. ஃபோபோஸ் என்றால் நான் வீட்டுக்குப் போய் இரவுச் சமையலைப் பார்ப்பேன். பல்மோஸ் என்றால் அம்மா போன வழி. ஃபோபோஸ், ஃபோபோஸ் என்று எனக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். முருகனைக்கூட அப்படி நான் கூப்பிட்டதில்லை.

“ஃபோபோஸ்,” என்றார் டாக்டர்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. என் தோளைத் தட்டிவிட்டு தே ஓ கலக்க ஓடினாள். எனக்கும் ஒரு மூச்சு நிம்மதியாக வந்தது. அடுத்த மூச்சு வருவதற்குள் புரிந்துவிட்டது. அந்தச் சொல்லை டாக்டர் எப்போதும் நர்ஸின் பக்கம் திரும்பி, உதடு அசைவது தெரியாமல்தான் சொல்வார். இன்று என் முகத்தைப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தார். அது நர்ஸுக்குச் சொன்னதல்ல, நோயாளியைத் தேற்றச் சொன்னது.

“டாக்டர், இவ்ளோ சத்தமா நீங்க சொன்னதே இல்லையே,” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஆவி பறக்கும் கோப்பையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்க்கா. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம். நானே காடி ஓட்டறேன்,” என்றார்.

அத்தனை வருடத்தில் நோயாளிகளை உட்காரவைத்துவிட்டு அவர் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை. அன்று வெளியே வரிசையில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் போய்க் காரின் முன்னிருக்கையில் உட்காரவைத்தார். சீருடையில் குத்தியிருந்த கடிகாரம் நெஞ்சின் மேல் துள்ளுவது எனக்கே தெரிந்தது. சாலையெல்லாம் வழக்கம்போல நெரிசல். வெளியே யாரோ ரொட்டிக்கடையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சிவப்பு விளக்கில் கார் நின்றபோது டாக்டரின் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“டாக்டர், எனக்குப் பயமா இருக்கு,” என்றேன்.

“எனக்கும்தான்க்கா,” என்றார்.