பின்னால் பார்க்க ஓர் ஆள்

என்னுடைய டீசல் பிக்கப்புக்குப் பதினான்கு வயது. வெங்காய மூட்டை ஏற்றினால் மேட்டில் முனகும். இன்று பெரம்பலூரில் மெக்கானிக்கிடம் காட்டினேன்.

ஏர் ஃபில்டரை மாற்றினார். பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுச் சொன்னார்:

"பாய், லோடோட ஒரு மேடு ஏத்திப் பாருங்க. கரும்பொகை தள்ளுச்சுன்னா டீசல் ஜாஸ்தின்னு அர்த்தம். அப்படியே ஓட்டுனா இஞ்சின் போயிடும். உடனே கொண்டாந்துடுங்க, குறைச்சுடலாம்."

"சைடு மிரர்ல பாத்துக்கறேன்."

"மேட்டுல ரோட்டப் பாப்பீங்களா, பொகையப் பாப்பீங்களா? வூட்லேர்ந்து யாரையாச்சும் பின்னாடி உக்கார வச்சுக்கங்க."

சரி என்று வந்துவிட்டேன்.

உம்மா மௌத்தான பிறகு லப்பைக்குடிகாட்டு வீட்டில் நான் மட்டும்தான். தம்பிகள் மூவரும் துபாயில். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் எழுதும் இந்த வலைப்பதிவைப் படிக்கிறவர்களிலும் பாதிப்பேர் அங்கேதான். புகை பார்க்க யாரை விமானம் ஏறச் சொல்வது?

மூட்டைகளோடு தனியாகவே மேடு ஏறினேன். முனகலே இல்லை. பெருமையாக இருந்தது. சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.

அப்போது பின்னால் வந்த பைக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். புகையைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று வேகத்தைக் குறைத்தேன்.

"பாய், இண்டிகேட்டர் எரிஞ்சுக்கிட்டே இருக்கு!"

"பொகை வருதாங்க?" என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

நாளைக் காலையும் அதே சாலையில்தான் போவேன். வெள்ளை வண்டி, பின்னால் வெங்காய மூட்டை. நீங்கள் யாராவது பின்னால் வந்தால், கரும்புகைக்கு ஒரு ஹாரன் அடியுங்கள்.

புகையே இல்லை என்றாலும் இரண்டு அடித்துவிட்டுப் போங்கள்.