கேட் திறந்த பிறகு

எங்கள் கல்முனையில் ரயில் கிடையாது. அதனால், மாமாவின் ஜனாஸா அடக்கத்துக்காக ஏறாவூருக்கு வேனில் பறந்த அன்று, மூடியிருந்த ரயில் கடவையைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. காத்து நின்ற வாகனங்களை முந்தி, வலப்பக்கத்தால் போய்க் கேட்டை ஒட்டி நிறுத்தினேன். பெரிய கெட்டித்தனம் என்ற நினைப்பு! என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் பின்னால் வந்து நின்றார்கள்.

ரயில் போய்க் கேட் திறந்தபோது, எனக்கு நேரெதிரே, ஒடுங்கிய கடவையை அடைத்தபடி ஒரு நெல் லொறி. அதற்கும் வழியில்லை, நான் பின்னுக்குப் போகவும் வழியில்லை.

லொறிச் சாரதி இறங்கி வந்தார். "உங்கட ஊர்ல கோச்சி இல்லையா தம்பி?"

"இல்ல காக்கா."

அவர்தான் ஒவ்வொரு வாகனமாகப் பின்னுக்கு எடுப்பித்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மாமாவின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காகப் பாத்துக்கிட்டு இருந்தம் மச்சான், அதுக்கு மேல ஏலாமப் போச்சு" என்றான்.

ரயில் போக ஐந்து நிமிடம்தான் எடுத்தது. மிச்ச நேரமெல்லாம் கடவையை மூடி வைத்திருந்தவன் நான்.