இன்ஸ்பெக்டர் பக்கம் நான்

துப்பறியும் கதைகளில் என்னை ஏமாற்றுவது கடினம். ஐம்பதாவது பக்கத்துக்குள் கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவேன். கதாநாயகி யாரைக் கட்டிக்கொள்வாள் என்று சொல்ல எனக்கு இன்னும் பத்துப் பக்கம் போதும். சில தடவை தவறியிருக்கிறது. அவை சரியாக எழுதப்படாத புத்தகங்கள்.

போன மழைக்காலத்தில் கண்டி டவுனில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத நாவல் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தின் குளிர்பெட்டியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஒரு பிணம். சமையல்காரர் அதைப் பார்த்துவிட்டு, விருந்து முடியட்டும் என்று மூடியைச் சாத்திவிட்டுப் போகிறார். கடைக்காரர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் அம்பிட்டிய பஸ்ஸில் உட்கார்ந்து மேலும் இருபது பக்கம் வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இப்படிப்பட்ட புத்தகத்தைத் தனியாக வாசிக்க முடியாது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் மனைவி ரொட்டிக்குத் தேங்காய் துருவுவாள், நான் அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். பிள்ளைகள் டியூஷனிலிருந்து வரும்வரை ஓர் அத்தியாயம் ஓடும். ஒரே ஒரு தகராறு. பகிடி வருவதற்கு ஒரு வரி முன்னாலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"முதல்ல வாசிங்க, பொறகு சிரிங்க," என்பாள். "இப்ப என்ன சொன்னாங்கன்னே எனக்கு வெளங்கல."

நாவலில் அந்தக் கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரி முப்பது வயதுப் பெண். கோபக்காரி. அவளை இரண்டு பேர் விரும்புகிறார்கள். ஒருவர் வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர். தைரியசாலி, சத்தமாகப் பேசுவார், ஆனால் ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவார். மற்றவர் எதிரே சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். சாதுவான மனிதர். யார் எதிரே வந்தாலும் கண்ணாலேயே நீளம் அகலம் அளந்துவிடும் பழக்கம் மட்டும் அவருக்கு உண்டு. காதலியையும் அளந்துவிட்டுப் பிறகு வெட்கப்படுவார்.

நான் முதல் நாளே இன்ஸ்பெக்டர் பக்கம் சேர்ந்துவிட்டேன். மனைவி சவப்பெட்டிக்காரர் பக்கம் போனாள்.

"அவரு நல்ல மனுசன்," என்றாள். "இன்ஸ்பெக்டரு சும்மா சத்தம்."

எனக்கு இது பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கதையிலும் மூன்று பேர் இருந்தோம்.

பதினான்கு வருடங்களுக்கு முன் நாங்கள் மூவரும் கண்டியில் ஒரே தனியார் வகுப்பில் படிப்பித்தோம். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நான் கணிதம். ஹேவாஹெட்டயிலிருந்து வந்த என் நண்பன் விஞ்ஞானம். அம்பிட்டியக்காரியான இவள், இப்போது என் மனைவி, வணிகம். நண்பனுக்கும் இவள்மேல் ஒரு கண் என்பது எனக்குத் தெரியும். அவன் பேச்சுக் குறைந்தவன். நான் அப்படியில்லை. எனவே முந்திக்கொண்டேன்.

முந்திய விதத்தைச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. வகுப்பு உரிமையாளர் ஹேவாஹெட்டயில் ஒரு கிளை திறக்க விரும்பினார். ஒரு சனிக்கிழமை அங்கே போய் இடம் பார்த்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒன் ஊர்தானே மச்சான், நீ போயிட்டு வா," என்று அவனைத் தள்ளிவிட்டேன். அவன் ஏறிவிட்டானா என்று உறுதிசெய்ய பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கையும் காட்டினேன். அன்றைக்குப் பின்னேரம் கண்டி வாவிக் கரையில், குடைகளுக்குள் ஒளிந்திருந்த ஜோடிகளுக்கு நடுவே, குடையில்லாமல் நனைந்துகொண்டு இவளிடம் கேட்டேன். சரி என்றாள். நான் வென்றேன்.

இந்தக் கதையை நண்பன் ஒருவனைத் தவிர எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் பிறகு கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, ஹேவாஹெட்டயிலேயே பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கிறான். பொங்கலுக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவான். பாவம் என்று அவனுடைய தட்டில் இரண்டு வடை கூடுதலாகவே வைப்பேன்.

இப்படி இருக்கையில் என் மனைவி தினமும் சவப்பெட்டிக்காரருக்காகப் பேசினால் எப்படி இருக்கும்? அவருடைய அடக்கம், அவருடைய பொறுமை. இன்ஸ்பெக்டர் வந்ததும் அவர் எழுந்து போய்விடுவதைக்கூடப் புகழ்ந்தாள். தேங்காய் துருவும் கையைப் பார்த்தபடி நான் வாசித்துக்கொண்டிருந்தேன், மனம் கதையில் இல்லை. இவள் என்னைத் தேர்ந்தெடுத்தாளா, அல்லது நான் முதலில் கேட்டதால் சரி என்றாளா? பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் தோன்றாத கேள்வி. ஒரு சவப்பெட்டிக்காரரால் வந்தது. எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

இதற்கிடையில் கொலைகாரன் பிடிபட்டான். சமையல்காரர் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். கல்யாணப் புகைப்படக்காரர் என்று அவள் சொன்னாள். புகைப்படக்காரர்தான். நான் புத்தகத்தை எழுதியவரைத் திட்டினேன். பாக்கியிருந்தது ஒரே ஓர் அத்தியாயம், அவள் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பது. அதை வாசிக்காமல் புத்தகத்தை மூடினேன்.

"ஒண்ணு கேக்கிறேன், உண்மையச் சொல்லு," என்றேன். "எனக்கு முன்னுக்கு அவன் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

"யாரு?"

"ஹேவாஹெட்டக்காரன்."

அவள் துருவிக்கொண்டே சொன்னாள். "முன்னுக்குக் கேட்டது அவருதானே."

அவள் நிதானமாகச் சொன்னாள். ஒரு நாள் வகுப்பு முடிந்து இவள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து கேட்டிருக்கிறான். இவள் இல்லை என்றிருக்கிறாள். ஏன் என்று கேட்டானாம். இன்னொருத்தர் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாளாம். யார் என்று கேட்டானாம். சொன்னாளாம்.

"என்னையா?"

"வேற யாரு? அதுக்குப் பொறகும் நீங்க கேக்க அஞ்சு மாசம் ஆச்சு."

அந்த நிமிடம் நான் அடைந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. எழுந்து நின்றே விட்டேன். நான் கேட்பதற்கு முன்பே இவள் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இனி எந்தச் சவப்பெட்டிக்காரரும் என்னை அசைக்க முடியாது. "இத ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க தந்திரம் பண்ணி ஜெயிச்ச கதைய அவ்வளவு ஆசையாச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

மறுபடி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் பஸ்ஸில் ஏறிய அன்றைக்கு அவனுக்கு எல்லாம் தெரியும். இல்லை என்ற பதிலும் தெரியும், யாருக்காக இல்லை என்பதும் தெரியும். நான் வயிற்றைப் பிடித்தபோது அவன் என்ன நினைத்திருப்பான் என்று அவளிடமே கேட்டேன்.

"அதை எங்கிட்ட கேட்டா? அவருக்கு எடுங்க," என்று போனை நீட்டினாள்.

எடுத்தேன். அவன் சாவகாசமாகப் பேசினான். நான் சுற்றி வளைக்காமல், அன்றைக்கு என் வயிற்று வலி பொய் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"வயித்து வலிக்காரன் காலையிலேயே சேவ் பண்ணி, புதுச் சட்டை போட்டு, சென்ட் அடிச்சிக்கிட்டு பஸ் ஏத்திவிட வந்தா வேற என்ன நெனைக்கிறது?" என்று சிரித்தான். இத்தனை தடயங்களை விட்டுவிட்டுத்தான் நான் துப்பறியும் கதைகளில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன்டா போன?"

பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"அவங்க மாசக்கணக்கா ஒன்னப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க மச்சான். நீயும் கேக்கிற மாதிரித் தெரியல. அன்னைக்குத்தான் ஒரு முடிவோட வந்திருந்த. நான் போகாட்டி அதையும் விட்டிருப்ப."

"மன்னிச்சிருடா," என்றேன்.

"அதெல்லாம் இல்ல. இடம் பார்க்கிற வேலை பத்தரைக்கே முடிஞ்சிருச்சு. பகல் பஸ்ஸுக்கே திரும்பியிருக்கலாம். நீ இழுத்தடிச்சுத்தான் கேப்பன்னு எனக்குத் தெரியும். அதனால கடைசி பஸ் வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன்."