விளாவிய தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் பீலித் தண்ணீரை யாரும் குறை சொல்லிவிட முடியாது. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்கிறவர்கள், பீலியைச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக இரவும் பகலும் கொட்டுகிற தண்ணீர். பூண்டுலோயா டவுனிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் போகும்போது போத்தலில் பிடித்துக்கொண்டு போவார்கள். ஊற்றுக்கு மேலே மேட்டு லயத்தின் கக்கூஸ் குழிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது அங்கே இருக்கிறது, இது இங்கே வருகிறது, நடுவில்தான் இவ்வளவு பெரிய பாறை இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அடைமழைக்குப் பிறகு அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, காய்ச்சல் விட்டு, குளிசை மாத்திரைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். லயத்துக்கு வந்து போகும் மருத்துவமாதுவை நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். பீலித் தண்ணீரில் கிருமி இருக்கிறது, கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு டம்ளர் பிடித்து வெளிச்சத்தில் வைத்துத் துருவித் துருவிப் பார்த்தேன். என் விரல்தான் தெரிந்தது.

"ஒண்ணுமே இல்லயேப்பா."

"பேயுந்தான் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குப் பயப்படுறோமில்ல?" என்றார் அப்பா.

அதுவரை அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் அவர். மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி, இருமி இருமிக் கேத்தலைக் கொதிக்க வைத்தார். மூடி குதிக்கிற வரை இறக்க மாட்டார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் அம்மாவுக்குத் தன் கையால் குளிசை கொடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. ஆனால் தண்ணீர் ஆறுகிற வரைக்கும் பெரட்டு காத்திருக்காதே. அதனால் டம்ளரில் பாதி வெந்நீர் ஊற்றி, பாதிக்கு வாளியிலிருந்து பீலித் தண்ணீரை மொண்டு விளாவுவார். விரலை நனைத்துப் பார்த்து, ஒரு வாய் குடித்தும் பார்த்து, "பதமா இருக்கு, குடி" என்று நீட்டுவார். எனக்குக் குளிக்க விளாவித் தருவதும் அவர்தான். சூடு கூடாமல் குறையாமல் விளாவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதே தவிர வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கஞ்சி குடித்தாலும் போயிற்று. வளையல் முழங்கை வரை ஏறியது. இப்படியே போனால் நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மிஸ்ஸி அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த வீட்டுத் தாத்தா அங்கே போய்த் திரும்பி வரவில்லை. நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தேன்.

அடுத்த தடவை மிஸ்ஸி வருகிற நாளில் அப்பா வேலைக்குப் போகவில்லை. மிஸ்ஸி வந்தால் வாசலில் லயமே கூடிவிடும். அன்றைக்கும் கூடியிருந்தது.

"தண்ணி கொதிக்க வச்சுத்தான் குடுக்குறீங்களா?"

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்னா மிஸ்ஸி இப்பிடிக் கேட்டுட்டீங்க? நானே எந்திரிச்சு எங்கையால வச்சுக் குடுக்குறேன். இந்தா பாருங்க." கேத்தலிலிருந்து வெந்நீரை ஊற்றினார். பிறகு வாளிக்குள் சொம்பை விட்டார்.

"ஐயோ அண்ணே! என்ன செய்றீங்க? கொதிக்க வச்சதுல பச்சத் தண்ணியக் கலந்தா, கிருமியத் திரும்ப ஊத்திக் குடுக்குற மாதிரிதானே!"

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா சொம்பைக் கீழே வைக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவர ஏசாதீங்க மிஸ்ஸி. சூடு தாங்கலன்னு நாந்தான் வெளாவித் தரச் சொன்னேன். அவரு வேணாமுன்னுதான் சொன்னாரு."

நான் திடுக்கிட்டுப்போனேன். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. "இல்லயேம்மா..." என்று ஆரம்பித்தேன். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். எல்லோரும் போன பிறகு, எப்போது குத்தப்போகிறதோ என்ற பயத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மறுபடி கொதிக்க வைத்து, மூடி, அது தானாக ஆறுகிற வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். அம்மா அதை வாங்கிக் குடித்தாள். பிறகு மெல்ல மெல்லத் தேறி, பழையபடி கொழுந்தெடுக்கவும் போனாள்.

மிஸ்ஸி வந்துபோன அன்றைக்கு வெகுநேரம் பார்த்தேன். அம்மாவின் கண்கள் நன்றாகத்தான் இருந்தன. அடுப்படியிலிருந்த அப்பாவின் கண்கள்தான் சிவந்து வழிந்தன. துண்டால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கேட்டதற்கு, "பொக, கண்ணு" என்றார். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

சாமி ஆள் மாறிக் குத்திவிட்டது என்று நினைத்தேன். ஒரு பொய்யும் சொல்லாத மனிதரைப் போய்!